லிஸ்டில் சேர்த்தாயிற்று, திரையில் ஏன் வரவில்லை?

"லிஸ்டில் ஒரு பொருளைச் சேர்த்தேன். எண்ணிக்கையைப் பார்த்தால் ஒன்று கூடியிருக்கிறது. ஆனால் திரையில் பழைய பட்டியலே நிற்கிறது. ஏன்?" சி ஷார்ப் நிரல்மொழி படிக்கத் தொடங்கி, விண்டோஸ் நிரல்களுக்குத் திரை அமைக்க உதவும் டபிள்யூபிஎஃப்பில் முதல் ஜன்னலை வரைந்த பலரும் ஒருநாள் வந்து நிற்கும் இடம் இது. கேட்டவுடன் ஒரு வரிப் பதில் கிடைத்துவிடும்: லிஸ்டை எடுத்துவிட்டு அப்சர்வபிள் கலெக்‌ஷன் போடு. போட்டால் வேலை செய்யும், கேட்டவரும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரண்டு நாளில் திரும்பி வருவார், இப்போது பொருளின் விலையை மாற்றினால் திரையில் மாறவில்லை என்பார். அதற்கும் ஒரு வரிப் பதில் உண்டு. அப்புறம் ஒருநாள், கலெக்‌ஷனையே புதிதாக உருவாக்கி வைத்தேன், திரை இன்னும் பழையதையே காட்டுகிறது என்று வருவார்.

மூன்று கேள்வி, மூன்று ஒட்டு. ஒவ்வொரு ஒட்டும் சரிதான், ஆனால் மூன்றும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. திரை உங்கள் லிஸ்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதில்லை. யாராவது கூப்பிட்டுச் சொன்னால்தான் அதற்குத் தெரியும். அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: நான் மாற்றியதும் திரை பிடித்துக்கொண்டிருப்பதும் ஒரே பொருள்தானா? மாறியதைத் திரையிடம் சொன்னது யார்? இந்த இரண்டையும் கேட்கப் பழகிவிட்டால் பைண்டிங், அதாவது தரவைத் திரையோடு இணைப்பது, பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி போய்விடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் அதற்குக் கீழே அரே என்றால் என்ன, லிஸ்ட் என்றால் என்ன என்பது தெளிவாக இருக்க வேண்டும், அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

அரே என்பது நினைவகத்தில் அடுத்தடுத்து இருக்கும் இடங்களின் ஒரு வரிசை. கல்யாணப் பந்தியில் 20 இலை போட்டாயிற்று என்றால் 20 பேர்தான் உட்காரலாம், 21-ஆவது ஆளுக்கு அந்தப் பந்தியில் இடமில்லை. இப்படி இறுக்கமாக இருப்பதற்குப் பதிலாக ஒரு பெரிய லாபம் கிடைக்கிறது. ஒவ்வொரு இடமும் ஒரே அளவு என்பதால், 7-ஆவது இடத்தைத் தேடிப் போக முதலில் இருந்து எண்ண வேண்டியதில்லை. இட எண்ணை (இன்டெக்ஸ்) ஓர் இடத்தின் அளவால் பெருக்கித் தொடக்க முகவரியோடு கூட்டினால் நேராகப் போய்விடலாம். ஒரு முழு எண்ணுக்கு 4 பைட் என்றால், 7-ஆவது இடத்தில், அதாவது இன்டெக்ஸ் 6-இல் இருப்பது தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளி. பத்து உறுப்பு இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் அதே ஒரு பெருக்கல், ஒரு கூட்டல்.

ஏன் 0-இலிருந்து எண்ணுகிறார்கள் என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கிறது. இன்டெக்ஸ் என்பது "எத்தனையாவது" என்று சொல்வதில்லை, "தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி" என்று சொல்கிறது. முதல் ஆள் எதுவும் தள்ளி இல்லை, அதனால் 0. எல்லா மொழியும் இப்படி இல்லை. 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் 1-இலிருந்து எண்ணியது. நெதர்லாந்தின் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-இல், எண்ணுவதை ஏன் 0-இல் தொடங்க வேண்டும் என்று கையால் எழுதிய ஒரு சிறு குறிப்பே உண்டு. அது முகவரிக் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு வரம்பை எழுதும்போது தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விட்டுவிட்டால் கணக்கு சுத்தமாக வருகிறது, முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தாலே எண்ணிக்கை கிடைக்கிறது என்பது அதன் வாதம். புதிதாகப் படிப்பவர்கள் லூப்பில் "சிறியது" என்பதற்குப் பதில் "சிறியது அல்லது சமம்" போட்டு எல்லை தாண்டிய பிழையை வாங்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குறிப்பு நினைவுக்கு வரும்.

அரேயில் இன்னொரு பொறி இருக்கிறது. ஐந்து முழு எண்களுக்கு அரே உருவாக்கினால் சி ஷார்ப்பில் ஐந்து பூஜ்ஜியங்கள் கிடைக்கும். ஐந்து "பொருள்" கிளாஸுக்கு அரே உருவாக்கினால் ஐந்து பொருள்கள் கிடைக்காது, ஐந்து வெற்று இடங்கள்தான் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் நல், அதாவது எதுவுமில்லை என்ற குறி. முதல் இடத்தின் விலையைப் போய்த் தொட்டவுடன் நல் ரெஃபரன்ஸ் பிழை வரும், "அரேதான் உருவாக்கிவிட்டேனே" என்று குழம்புவார்கள். இலை போட்டாயிற்று, ஆள் இன்னும் உட்காரவில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் நியூ போட்டு ஒரு பொருளை உட்கார வைப்பது உங்கள் வேலை.

சரி, லிஸ்ட். சி ஷார்ப்பில் லிஸ்ட் என்பது உள்ளே ஓர் அரேயை வைத்துக்கொண்டு, இடம் போதாதபோது பெரிய அரேக்கு மாறிக்கொள்ளும் ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். காலியான லிஸ்டில் முதல் உறுப்பைச் சேர்க்கும்போது 4 இடங்களுக்கு ஓர் அரே உருவாகிறது. ஐந்தாவது வரும்போது 8 இடத்துக்குப் புதிய அரே, பழைய நான்கும் அங்கே நகலாகும். அப்புறம் 16, 32, 64 என்று இரட்டிப்பாகிக்கொண்டே போகும். 1000 உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் கடைசியில் 1024 இடமுள்ள அரேயில் வந்து நிற்கும், வழியில் 8 முறை இடம் மாறியிருக்கும், மொத்தம் 1020 நகல்கள் நடந்திருக்கும். அதாவது ஓர் உறுப்புக்கு ஏறத்தாழ ஒரு நகல். ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் இடம் மட்டும் கூட்டிக்கொண்டே போயிருந்தால் ஐந்து லட்சம் நகல்களை நெருங்கியிருக்கும். அரே ரீசைஸ் என்ற கட்டளையை லூப்புக்குள் போட்டுவிட்டு நிரல் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று கேட்பவர்கள் செய்வது இதைத்தான். ரீசைஸ் என்று பெயர் இருந்தாலும் அது அரேயை நீட்டுவதில்லை, புதிதாக ஒன்றை உருவாக்கி நகலெடுக்கிறது.

பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 1958-இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைத் தொடங்கியபோது லிஸ்ட் என்றால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கை காட்டும் ஒரு சங்கிலி. இன்றைய சி ஷார்ப் லிஸ்டும் பைத்தான் லிஸ்டும் அந்தச் சங்கிலி இல்லை, இரண்டும் வளரும் அரேதான். பாடப்புத்தகத்தில் லிங்க்டு லிஸ்ட் படித்துவிட்டு, லிஸ்டின் நடுவில் சேர்ப்பது மலிவு என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடுவில் ஒன்றைச் செருகினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பேரும் ஓர் இடம் தள்ளி உட்கார வேண்டும்.

இனி முதல் கேள்வி: ஒரே பொருள்தானா? ஒரு லிஸ்டை இன்னொரு மாறிக்குச் சமன்படுத்தினால் லிஸ்ட் நகலாவதில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டாவது சாவி வெட்டியது போல. ஒருவர் உள்ளே போய் நாற்காலியை நகர்த்தினால் மற்றவர் கதவைத் திறக்கும்போது நாற்காலி நகர்ந்துதான் இருக்கும். பைத்தானில் மூன்று பூஜ்ஜியங்கள் உள்ள ஒரு லிஸ்டை இன்னொரு லிஸ்டுக்குள் வைத்து, அந்த வெளி லிஸ்டை நட்சத்திரக் குறியால் மூன்றால் பெருக்கி 3க்கு 3 கட்டம் ஒன்றைச் செய்துவிட்டு, ஓர் இடத்தில் 5 என்று எழுதினால் மூன்று வரிசையிலும் 5 தோன்றும். அங்கே இருப்பது மூன்று வரிசைகள் இல்லை, ஒரே வரிசைக்கு மூன்று சாவி. இது பைத்தானின் பிழை என்று கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் கணக்குப் பாடத்தில் சமக்குறி என்பதற்கு இப்படி ஓர் அர்த்தம் நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இந்த அடித்தளத்தோடு பைண்டிங்குக்கு வரலாம். எண்ணம் பழையது. 1979-இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் செய்த விசிகால்க் என்ற விரிதாளில் ஓர் அறையின் எண்ணை மாற்றினால் அதை நம்பியிருக்கும் மற்ற அறைகளும் மாறின. எக்செல் தொட்ட எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு, அதனால்தான் நிரல் எழுத வரும்போதும் "நான் மதிப்பை மாற்றினால் திரை தானாக மாறும்" என்ற எதிர்பார்ப்போடு வருகிறோம். நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் விரிதாளில் ஒவ்வொரு அறையும் விரிதாள் நிரலுக்குச் சொந்தம், எது மாறினாலும் அதன் வழியாகத்தான் மாற முடியும். சி ஷார்ப்பில் நீங்கள் எழுதும் கிளாஸ் உங்களுக்குச் சொந்தம், அதற்குள் நடப்பது திரைக்குத் தெரியாது.

டபிள்யூபிஎஃப் 2006 நவம்பரில் டாட் நெட் 3.0-உடன் வந்தது. அதில் ஒரு லிஸ்ட் பாக்ஸின் ஐட்டம்ஸ் சோர்ஸில் ஒரு கலெக்‌ஷனைக் கொடுத்தவுடன் அது ஒரு காரியம் செய்கிறது: வந்த பொருள், "நான் மாறினால் சொல்கிறேன்" என்று ஒப்பந்தம் போட்ட வகையா என்று பார்க்கிறது. அந்த ஒப்பந்தத்தின் பெயர் ஐ நோட்டிஃபை கலெக்‌ஷன் சேஞ்ச்டு. ஒப்பந்தம் இருந்தால் திரை தன் காதை அங்கே வைக்கிறது. இல்லையென்றால் அந்த நேரத்தில் இருந்ததை வரைந்துவிட்டுப் போய்விடுகிறது. லிஸ்ட் அந்த ஒப்பந்தம் போட்டதில்லை. அது 2005-இல் டாட் நெட் 2.0-இல் ஜெனரிக்ஸோடு வந்தது, திரையைப் பற்றி எதுவும் தெரியாத, வேகமாகச் சேர்ப்பதற்கென்றே செய்த சாதனம். அப்சர்வபிள் கலெக்‌ஷன் அந்த ஒப்பந்தத்தோடு வருகிறது: சேர்த்தேன், எடுத்தேன், மாற்றி வைத்தேன், இடம் நகர்த்தினேன், எல்லாவற்றையும் அழித்தேன் என்று ஒவ்வொன்றுக்கும் மணி அடிக்கும். அந்த ஒரு வரிப் பதில் வேலை செய்தது இதனால்தான். (சொல்லாமல் மாற்றுவதில் இன்னும் மோசமான விளைவும் உண்டு. பட்டியலை உருட்டும்போது எண்ணிக்கை பொருந்தாமல், ஐட்டம்ஸ் கன்ட்ரோலும் அதன் மூலமும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு பிழையே வரலாம். எங்கோ சேர்த்த ஒரு வரிக்கு எங்கோ உருட்டும்போது பிழை வந்தால் யாரால் கண்டுபிடிக்க முடியும்?)

இரண்டாவது நாள் வந்த விலைக் கேள்வியும் இதே கதைதான். கலெக்‌ஷன் தன் உறுப்பினர் பட்டியலைப் பற்றித்தான் மணி அடிக்கும். உள்ளே இருக்கும் ஒரு பொருள் தன் விலையை மாற்றிக்கொண்டால் அது கலெக்‌ஷனுக்கே தெரியாது, யார் வந்தார் யார் போனார் என்று குறித்துக்கொள்ளும் வாசல் காவலருக்கு, உள்ளே இருப்பவர் சட்டை மாற்றியது தெரியாதது போல. அதை அந்தப் பொருளே சொல்ல வேண்டும். ஐ நோட்டிஃபை ப்ராப்பர்ட்டி சேஞ்ச்டு என்ற வேறொரு ஒப்பந்தத்தைப் பொருள் கிளாஸில் எழுதி, விலை என்ற ப்ராப்பர்ட்டியின், அதாவது கெட், செட் வைத்து எழுதிய மதிப்பின், செட் பகுதியில் "விலை மாறியது" என்று அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பில் ப்ராப்பர்ட்டியின் பெயரை எழுத்தாகக் கொடுக்க வேண்டியிருந்ததால் ஓர் எழுத்து பிசகினாலும் அமைதியாகப் போய்விடும், பிழையும் வராது. 2012-இல் சி ஷார்ப் 5 காலர் மெம்பர் நேம் என்ற வசதியைத் தந்த பிறகு பெயரைக் கம்பைலரே நிரப்பிக்கொள்கிறது. பழைய பாடங்களைப் பார்த்துப் படிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மூன்றாவது கேள்வி, கலெக்‌ஷனையே புதிதாக வைத்தது. இங்கே மணி இருந்தது, ஆனால் திரை காது வைத்திருந்தது பழைய வீட்டில். நீங்கள் புது வீடு கட்டிக் குடிபோய்விட்டீர்கள், முகவரி மாறியதை யாரிடமும் சொல்லவில்லை. கலெக்‌ஷனை வைத்திருக்கும் ப்ராப்பர்ட்டியே "நான் மாறிவிட்டேன்" என்று அறிவித்தால் சரியாகிவிடும், அல்லது புதிதாக உருவாக்காமல் அதே கலெக்‌ஷனைக் காலி செய்து நிரப்பினாலும் போதும்.

டபிள்யூபிஎஃப்புக்கு முன்பே இருந்த விண்டோஸ் ஃபார்ம்ஸில் வேலை செய்பவர்களுக்குப் பெயர்கள்தான் வேறு, அங்கே பைண்டிங் லிஸ்ட் என்ற வகை இந்த வேலையைச் செய்கிறது. லிஸ்ட் பாக்ஸின் டேட்டா சோர்ஸை நல் ஆக்கிவிட்டு மறுபடி அதே லிஸ்டைக் கொடு என்று ஒரு பழைய வழி சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏன் நடுவில் அந்த நல்? அதே பொருளை மறுபடி கொடுத்தால், "இது ஏற்கெனவே என்னிடம் இருப்பதுதானே" என்று கன்ட்ரோல் ஒன்றும் செய்யாது. நல் கொடுத்து மறக்கச் செய்து, பிறகு கொடுத்தால் புதிதாக வந்தது போல் எடுத்துக்கொள்கிறது. வேலை நடக்கும், ஆனால் பயனர் தேர்ந்தெடுத்திருந்த வரியும் உருட்டி வைத்திருந்த இடமும் போய்விடும், அதனால் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே விண்டோஸ் ஃபார்ம்ஸில் எனக்குப் பிடித்த ஒரு கேள்வி உண்டு. பெயர்கள் அடங்கிய சரங்களின் (ஸ்ட்ரிங்) லிஸ்டை, அட்டவணை காட்டும் டேட்டா கிரிட் வியூவில் கட்டினால் பெயர்கள் வராது, லெங்த் என்று ஒரு நெடுவரிசை வந்து அதில் 6, 4, 9 என்று எண்கள் நிற்கும். கிரிட் உறுப்பின் வகையில் பப்ளிக் ப்ராப்பர்ட்டிகள் என்ன என்று தேடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை போடும். சரத்திடம் அப்படிக் காட்டக் கிடைப்பது அதன் நீளம் மட்டும். பெயர் என்ற ப்ராப்பர்ட்டி உள்ள ஒரு சின்னக் கிளாஸைச் செய்து அதன் லிஸ்டைக் கொடுத்தால் பெயர்கள் வந்துவிடும். இதே காரணத்தால்தான் கெட், செட் இல்லாமல் வெறும் பப்ளிக் ஃபீல்டாக எழுதிய மதிப்புகள் விண்டோஸ் ஃபார்ம்ஸ் பைண்டிங்கிலும் டபிள்யூபிஎஃப் பைண்டிங்கிலும் வருவதில்லை. நிரலுக்குள் இரண்டும் ஒன்று போலவே பயன்படும், பைண்டிங் மட்டும் ப்ராப்பர்ட்டியைத்தான் பார்க்கும்.

இப்போது ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே கற்றது அங்கே அப்படியே தலைகீழாகிறது. இணையப் பக்கங்களின் திரையை அமைக்கும் ரியாக்ட் நூலகத்தில் யூஸ் ஸ்டேட் வழியாக ஓர் அரேயை வைத்துக்கொண்டு, அதில் புஷ் செய்து, அதாவது கடைசியில் ஒன்றைச் சேர்த்து, அதே அரேயை மறுபடி செட் செய்தால் திரை அசையாது. ரியாக்ட் யாருடைய மணியையும் கேட்பதில்லை. நீங்கள் கொடுத்தது முன்பு கொடுத்த அதே பொருளா என்று மட்டும் ஒப்பிடுகிறது, அதே பொருள் என்றால் வேலை இல்லை என்று முடிவு செய்கிறது. உள்ளே எட்டிப் பார்த்து ஒவ்வோர் உறுப்பாகச் சரிபார்ப்பது பெரிய அரேகளில் செலவாகும் என்பதால் இப்படி. ஆகவே பழைய உறுப்புகளையும் புதியதையும் சேர்த்துப் புதிய அரே ஒன்றைக் கொடுக்க வேண்டும். டபிள்யூபிஎஃப்பில் வீட்டை மாற்றாதே, மணி அடி. ரியாக்ட்டில் மணி கிடையாது, மாற்றம் என்றால் புது வீடு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வருபவர் தான் நன்றாகக் கற்ற பழக்கத்தாலேயே தடுக்கி விழுகிறார். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது என்று சொல்வது பெரிய அநியாயம்.

ரியாக்ட்டைப் போலவே திரை அமைக்கும் வியூ இன்னொரு வழி. இரண்டாம் பதிப்பில் புஷ், பாப், ஸ்ப்ளைஸ் போன்ற 7 செயல்களை அதுவே தன் மணியோடு மாற்றி வைத்திருந்தது, அதனால் புஷ் செய்தால் திரை மாறும். ஆனால் இன்டெக்ஸ் 2-இல் நேராக ஒரு மதிப்பை எழுதினால் அதற்குத் தெரியாது. 2020 செப்டம்பரில் வந்த மூன்றாம் பதிப்பு, பொருளைத் தொடும்போதே இடைமறிக்கும் ப்ராக்ஸி என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதியை நம்பி எழுதப்பட்டதால் அந்தக் குறை நீங்கியது. பழைய பதிலை நம்பி இன்றும் சுற்றி வளைத்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள், தேவையில்லை.

திரையோடு சம்பந்தமில்லாவிட்டாலும் இதே வரிசையில் வரும் ஒரு பிழை: சி ஷார்ப்பின் ஃபோர் ஈச் லூப்பில் சுற்றிக்கொண்டே லிஸ்டிலிருந்து உறுப்பை நீக்குவது. லிஸ்ட் தன்னிடம் ஒரு பதிப்பு எண்ணை வைத்திருக்கிறது, சேர்த்தாலோ நீக்கினாலோ அது கூடும். ஃபோர் ஈச் ஒவ்வோர் அடியிலும் தான் தொடங்கியபோது இருந்த எண்ணோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் பிழை எழுப்பி நின்றுவிடும். கடைசி இன்டெக்ஸிலிருந்து முதலுக்கு ஃபோர் லூப்பில் பின்னோக்கி வந்தால் நீக்கியதால் நகர்பவர்கள் எல்லாம் நாம் ஏற்கெனவே பார்த்து முடித்தவர்களாக இருப்பார்கள், அதனால் சிக்கல் இல்லை. ரிமூவ் ஆல் என்ற செயலுக்கு நிபந்தனையைக் கொடுத்துவிட்டால் அதுகூட வேண்டாம்.

டெக்ஸ்ட் பாக்ஸில் தட்டினேன், பொருளில் மதிப்பு மாறவில்லை என்பது எதிர்த்திசையில் வரும் அதே கேள்வி. டபிள்யூபிஎஃப் டெக்ஸ்ட் பாக்ஸ் இயல்பாக, அதை விட்டு வேறிடத்துக்குப் போகும்போதுதான் மதிப்பை எழுதும். ஒவ்வோர் எழுத்துக்கும் எழுத வேண்டுமானால் அப்டேட் சோர்ஸ் ட்ரிக்கரில் ப்ராப்பர்ட்டி சேஞ்ச்டு என்று சொல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்தும் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால், எதையும் மாற்றிப் பார்ப்பதற்கு முன் விஷுவல் ஸ்டூடியோவில் டீபக்கரோடு நிரலை ஓட்டி அவுட்புட் ஜன்னலைத் திறந்து படியுங்கள். டபிள்யூபிஎஃப் பைண்டிங் தோற்றால் நிரலை நிறுத்துவதில்லை, செய்தி ஏதும் காட்டுவதில்லை, அந்த ஜன்னலில் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறது. அதில் பிழை எண் 40 என்று இருந்தால், நீங்கள் சொன்ன பெயரில் ஒரு ப்ராப்பர்ட்டியை அந்தப் பொருளில் தேடி அது கிடைக்கவில்லை என்று பொருள். எந்தப் பெயரைத் தேடியது, எந்தக் கிளாஸில் தேடியது என்பது அதே வரியில் இருக்கும். ஃபீல்டாக எழுதியிருந்தாலும், ஓர் எழுத்து தவறியிருந்தாலும், டேட்டா கான்டெக்ஸ்டில், அதாவது பைண்டிங் எந்தப் பொருளில் தேட வேண்டும் என்று சொல்லும் இடத்தில், வேறு பொருளைக் கொடுத்திருந்தாலும் அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.